வீட்டுக்குக் கட்டும் வட்டி
கோடைச் சுற்றுலாப் பொறுப்பேற்கும் இளைய அரிமாக்களுக்கு ஒரு மூத்தவன் சொல்வது

அரிமா (லயன்ஸ்) சங்க ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. ஜூலை 1 முதல் புதியவர்கள் பொறுப்பு. அதாவது, கோடைச் சுற்றுலா வருவதே சங்கத்துக்கு மூச்சு வாங்கும் மாதத்தில்தான். கண் முகாம், இரத்ததான முகாம், மரக்கன்று என்று ஓடி முடித்து, பையில் பணமும் உடம்பில் தெம்பும் குறைந்திருக்கும் நேரம். அதனால்தான் இந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுகிறார்கள். "தம்பி, ஒரு வண்டி மட்டும் பேசிடு, ஒகேனக்கல் போயிட்டு வந்துடலாம்" என்பார்கள். வண்டி பேசுவதுதான் வேலை என்று நம்பி நானும் ஒரு காலத்தில் தலையாட்டினேன். இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது. ராயக்கோட்டையை நடுவில் வைத்து, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. யாருக்காகப் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்டு முழுக்க நம் உறுப்பினர்களை நாம் அவர்கள் வீட்டிலிருந்து கடனாக வாங்குகிறோம். இரவு பதினொரு மணிக்கு "கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில ரத்தம் வேணும்" என்று போன் அடிக்கிறோம். எடுப்பது பாதி நாள் வீட்டுக்காரம்மாதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாம் என்று கூட்டிப்போகிறோம். அன்றைக்குக் கடை சாவி அவர் மனைவியிடமோ மகனிடமோ இருக்கும். நம் ஊர் மண்டி ஊர், கடன் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம். அசலைத் திருப்பித் தர நம்மால் முடியாது. வட்டியையாவது கட்ட வேண்டும். அந்த வட்டிதான் கோடைச் சுற்றுலா. இதை மனதில் வைத்துக்கொண்டால் இடம், தேதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பாதி விடை தானாக வந்துவிடும். ஆண்கள் மட்டும் போகும் பயணத்துக்குச் சங்கத்தின் பெயரைப் போடாதீர்கள். 1987 முதல் பெண்களும் முழு உறுப்பினர்கள். அவர்களைக் கடன் கொடுத்த வீடுகளும் உண்டு. அங்கே வட்டி கணவருக்கும் மாமியாருக்கும் சேர வேண்டும்.

2. இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள்.

சங்கத்தில் பணப்பெட்டி இரண்டு. உறுப்பினர் சந்தா போகிற நிர்வாகக் கணக்கு ஒன்று. ஊரில் வசூல் செய்த பணம் போகிற சேவைக் கணக்கு இன்னொன்று. பொதுமக்களிடம் வாங்கிய பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும் என்பது அரிமா இயக்கத்தின் உலகளாவிய விதி. கண்ணாடி வாங்கக் கொடுத்த பணத்தில் ஒரு டீ கூடச் சுற்றுலாவில் குடிக்கக் கூடாது. சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வசூலியுங்கள். டீசல், டோல், ஓட்டுநர் பேட்டா, நுழைவுச் சீட்டு, சாப்பாடு என்று பிரித்து எழுதி, அந்தத் தாளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பிறகு கேளுங்கள். குழந்தைக்குப் பாதி என்றால் எத்தனை வயது வரை என்பதையும் எழுதுங்கள். பத்து நாளுக்கு முன் முழுப் பணமும் கைக்கு வர வேண்டும். கடைசி நேரத்தில் வராதவருக்கு வண்டிக்காசு திரும்பாது, சாப்பாட்டுக்காசு மட்டும் திரும்பும். இதை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

3. தேதியை நாட்காட்டியில் தேடாதீர்கள். உறுப்பினர்களின் தொழிலில் தேடுங்கள்.

ஞாயிறு எல்லாருக்கும் விடுமுறை என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. தக்காளிக்கு ஞாயிறு கிடையாது. பறித்த பழம் மண்டிக்கு வந்தே ஆக வேண்டும். பூ வைத்திருப்பவர் முகூர்த்த நாளில் வர மாட்டார், அன்றைக்குத்தான் அவருக்கு விலை. ஓசூரில் லேலண்டு, டைட்டன், டிவிஎஸ் என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷிஃப்ட் கணக்கு. வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாள். மாந்தோப்புக்காரரை மே பாதிக்கு மேல் கூப்பிடுவதே பாவம். பள்ளித் தேர்வு முடிய வேண்டும், ஊர்த் திருவிழா குறுக்கே வரக் கூடாது. ரம்ஜான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும், அதையும் பாருங்கள். எல்லாவற்றையும் வடிகட்டினால் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதல் பாதியில் முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் மிஞ்சும். மூன்று தேதி எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போன் செய்து கேளுங்கள். குழுவில் போட்டால் கட்டைவிரல்தான் வரும், ஆள் வராது.

4. முதல் ஆண்டில் கிட்டே போங்கள்.

போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் என்றால் அதற்குப் பெயர் சுற்றுலா இல்லை, பிரயாணம். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சுற்றியிருப்பதை நாமே பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. தினமும் அண்ணாந்து பார்க்கிற நம் மலைக்கோட்டையில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? 1791-இல் மைசூர்ப் போரின்போது மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை அது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. விடிகிற நேரத்தில் ஏறி, வெயில் சுடுவதற்குள் இறங்கிவிட்டால் செலவே இல்லாத அரை நாள். மேலே நிழல் கிடையாது, தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அடுப்பு மூட்டும் எண்ணமே வேண்டாம்.

ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சூளகிரிக்கு அருகே மல்லச்சந்திரம் குன்றில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றைப் பற்றிய பாண்டவர் கதையைச் சொல்லிக்கொண்டே கூட்டிப்போனால் பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நிழலும் உண்டு, பொரித்த மீனும் உண்டு. மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாளாக இருந்தால் மாலையில் கிருஷ்ணகிரியில் இறங்கி, ஒரே மேசையில் எத்தனை வகை மாம்பழம் என்று பார்த்துவிட்டு வரலாம். மாந்தோப்புக்காரரும் அன்றைக்கு மட்டும் கூப்பிடாமலே வருவார்.

5. ஒகேனக்கல் என்றால் தண்ணீரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

யார் எந்த இடத்தைச் சொன்னாலும் கடைசியில் ஓட்டு ஒகேனக்கல்லுக்குத்தான் விழும். விழட்டும். எண்ணெய்த் தேய்ப்பு, பரிசல், மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலுமாகச் செய்து தரும் அக்காமார்கள், இதெல்லாம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் காவிரி நம் வசதிக்கு ஓடுவதில்லை. கோடையில் தண்ணீர் வற்றிப் பாறைதான் தெரியும். கர்நாடகத்தில் மழை பெய்தாலோ கபினியிலோ கே.ஆர்.எஸ்.ஸிலோ அணையைத் திறந்துவிட்டாலோ வரத்து ஏறிவிடும். ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து நாளிதழில் தினமும் வருகிறது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து பாருங்கள். தடை போட்டுவிட்டால் பரிசல்காரரிடம் போய், "நாங்க சங்கத்துக்காரங்க, கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று கெஞ்சாதீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். நீச்சல் தெரியும் என்பவரைத்தான் முதலில் கண்காணிக்க வேண்டும்.

வழி இரண்டு. பாலக்கோடு, தருமபுரி, பென்னாகரம் ஒன்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் இன்னொன்று. அஞ்செட்டி வழி அழகு. காடு, யானையும் உண்டு. அந்த வழியை வெளிச்சம் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊடேதுர்க்கம் காட்டு யானை நம் ராகிக் கொல்லைக்கே வருகிறது. அதன் வீட்டுக்குள் இருட்டில் போய் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பது வீரமில்லை.

6. மலையூருக்கு ஆசைப்பட்டால்...

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் பக்கமிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏலகிரிக்கு 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். அடுத்த வளைவு யார் பெயர் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே ஏறினால் பாதிப் பேருக்கு வாந்தி மறந்துபோகும். மீதிப் பாதிக்கு எலுமிச்சம்பழமும் காகிதப் பையும் முன் சீட்டில் இருக்கட்டும். அன்றைக்குக் காலையில் பூரி வேண்டாம், இட்லி போதும். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயைத் தூக்கக் கலக்கத்தில் இறங்காதபடி நேரம் போடுங்கள். அந்தச் சரிவில் நடந்த விபத்துகளை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் என்று யாராவது ஆரம்பித்தால் அது ஒரு நாள் காரியமில்லை என்று சொல்லிவிடுங்கள். போதாததற்கு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்துவிட்டது. அடிவாரத்தில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலை நம் வண்டிக்கு வேண்டாம்.

7. எல்லை தாண்டுவது எளிது. தாளில்லாமல் தாண்டுவதுதான் கஷ்டம்.

ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் நமக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. அதற்காக வண்டிக்காரரிடம் பர்மிட் பற்றிக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் உள்ள வண்டியா, கர்நாடக வரி யார் கட்டுவது என்று பேசும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பன்னேர்கட்டா போவதென்றால் அத்திப்பள்ளியில் ஆனேக்கல் பக்கம் திரும்பி ஜிகணி வழியாகப் போய்விடலாம், பெங்களூரு சில்க் போர்டு நெரிசலைக் கண்ணால் பார்க்க வேண்டாம். அங்கே உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறை வழக்கமாகச் செவ்வாய். லால்பாகும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகமும் பார்க்கிற நாளில் ரயிலையும் யோசியுங்கள். சேலம்–பெங்களூரு பாதையில் நம் ஊருக்கும் ஒரு நிலையம் இருக்கிறது. ரயிலில் பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு, பெரியவர்களுக்குக் கழிப்பறை உண்டு. காவிரிப் பேச்சு சூடாக இருக்கும் ஆண்டில் மட்டும், முதல் நாள் இரவு செய்தி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

8. வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஓட்டுநரைப் பாருங்கள்.

புஷ்பேக் சீட், ஏசி, பாட்டுப்பெட்டி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "நேத்து ராத்திரி டிரிப் போனீங்களா?" ஒரு முறை கேட்காமல் விட்டேன். திருப்பதி போய்விட்டு விடியற்காலையில் வந்தவரையே நம் வண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். பாலக்கோடு தாண்டியதும் அவர் தலை ஸ்டீயரிங் பக்கம் சாய்ந்ததை முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா பார்த்துச் சத்தம் போட்டதால் பிழைத்தோம். சாலையோரப் புளிய மரத்தடியில் இரண்டு மணி நேரம் அவரைத் தூங்கவிட்டு நாங்கள் காத்திருந்தோம். அதற்குப் பிறகு என் சட்டம் இது: பந்தியில் முதல் இலை ஓட்டுநருக்கு, மதியம் ஒரு மணி நேரத் தூக்கமும் அவருக்கு. இருக்கைக்கு மேல் ஒரு தலை கூட ஏற்றாதீர்கள். "என் மச்சான் நின்னுக்கிட்டே வருவான்" என்பவரிடம் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

9. சாப்பாட்டில் பெருமை காட்டாதீர்கள்.

வட்டி கட்டப் போகிற நாளில் அந்த வீட்டுப் பெண்களையே விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிப் புளியோதரை கிளறச் சொல்வது நியாயமா? ஒன்று, சமையல்காரரிடம் கொடுங்கள். இல்லை, ஆண்கள் சேர்ந்து செய்யுங்கள். தக்காளி சாதம் கிளறத் தெரியாத ஆண்பிள்ளை ராயக்கோட்டையில் இருக்கக் கூடாது. வெயிலில் தேங்காய்ச் சட்னி கெடும், உருளைக்கிழங்கு மசாலா கெடும். புளியோதரை, எலுமிச்சை சாதம் நிற்கும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். நீர்மோருக்கு ஒரு பெரிய பாத்திரம் வையுங்கள். சைவ, அசைவப் பாத்திரங்களையும் கரண்டிகளையும் தனித்தனியே வையுங்கள். இஸ்லாமிய உறுப்பினர்கள் வருகிறார்கள் என்றால் கறி எங்கே வாங்கினோம் என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ எடுத்துப் போங்கள். குப்பைக்கு இரண்டு சாக்கு கொண்டுபோய், நிரப்பித் திரும்பக் கொண்டுவாருங்கள். மரக்கன்று நட்டுப் படம் போட்ட சங்கம் ஆற்றங்கரையில் இலையை வீசக் கூடாது.

10. கழிப்பறையைத் திட்டத்தில் எழுதுங்கள்.

இதை எழுதத்தான் எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். விளைவு என்ன தெரியுமா? பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், மதிய வெயிலில் மயங்குகிறார்கள். சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் வண்டி நிற்கும் என்று புறப்படும்போதே அறிவியுங்கள். ஒரு வாரம் முன் பைக்கில் அதே வழியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்; போகும்போது ஒரு பெண் உறுப்பினரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். குளிக்கிற இடமென்றால் உடை மாற்ற மறைவு இருக்கிறதா என்பதும் அதே பட்டியலில்தான்.

11. பாட்டில் வண்டியில் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

இதில் விளக்கம் கிடையாது. தண்ணீரும் மலையும் குழந்தைகளும் இருக்கிற இடம். எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவருவது குற்றம், செக்போஸ்ட்டில் மாட்டினால் மாட்டுவது வண்டி முழுக்க. ஒரு வீடு ஒரு முறை முகம் சுளித்தால், அடுத்த பத்து ஆண்டுக்கு அந்த வீட்டிலிருந்து நமக்குக் கடன் கிடைக்காது.

12. பேனரை வீட்டில் வையுங்கள், டெயில் ட்விஸ்டரைக் கூட்டிப்போங்கள்.

பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். படம் ஒன்று போதும். நம் சங்கத்தில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி இருக்கிறது. கூட்டத்தைக் கலகலப்பாக்கி, ஏதாவது சாக்குச் சொல்லிச் சின்ன அபராதம் வாங்குவதுதான் அவர் வேலை. மாதக் கூட்டத்தில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு ஆண்டில் இந்த ஒரு நாள்தான் உண்மையான வேலை. போனில் வியாபாரம் பேசினால் பத்து ரூபாய், அரசியல் பேசினால் இருபது என்று அவர் வசூலிக்கட்டும். விளையாட்டை, ஓடத் தெரிந்தவர் மட்டும் ஜெயிக்காதபடி அமையுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே வண்டியில் வரும் ஊர் இது. ஒரு பழமொழியை நான்கு மொழியிலும் சொல்லச் சொல்லிப் பாருங்கள், பாட்டிகள்தான் ஜெயிப்பார்கள்.

13. மெல்ல நடப்பவரை முன்னால் விடுங்கள்.

வேகமாக நடப்பவர் முன்னே போய்க் காத்திருப்பார். மெல்ல நடப்பவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்பார். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. ஆகவே பெரியவர் யாரோ அவர் முன்னால், நீங்கள் கடைசியில். மாத்திரைப் பையும் குடையும் உங்கள் தோளில். கோடை மழை பெரும்பாலும் மாலையில்தான் இடியோடு வரும். மூன்று மணிக்கு மேல் மொட்டைப் பாறையில் யாரும் நிற்கக் கூடாது. விடுதிப் பிள்ளைகளையோ முதியோர் இல்லத்தாரையோ உடன் அழைத்துப்போவது நல்ல வழக்கம். ஆனால் அவர்களைத் தனி வண்டியில் ஏற்றி, தனிப் பந்தியில் உட்காரவைத்து, படம் எடுப்பதானால் அழைக்கவே வேண்டாம். அன்றைக்கு அவர்களும் நம் வீட்டு ஆட்கள்.

14. திரும்பி வந்ததும் இரண்டு வேலை மிச்சம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணியிருப்பீர்கள். ஊருக்குள் நுழைந்த பிறகும் ஒரு தரம் எண்ணுங்கள். எட்டரைக்குள் வீடு சேர்த்துவிடுங்கள், மண்டிக்காரருக்கு விடியுமுன் வேலை இருக்கிறது. மூன்று நாளில் கணக்கை வாசியுங்கள். ஐம்பது ரூபாய் மிஞ்சினாலும் பிரித்துக் கொடுங்கள், அல்லது எல்லாரையும் கேட்டுவிட்டுச் சேவைக் கணக்கில் சேருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பணம் இந்தப் பக்கம் வரக் கூடாதே தவிர, இங்கிருந்து அங்கே போகலாம்.

இரண்டாவது வேலை, நோட்டு. ஜூலை 1-க்குப் பிறகு இந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும், அவரும் உங்களைப் போலவே தலையாட்டிக்கொண்டு நிற்பார். என்ன தவறியது என்று அன்றிரவே எழுதிவையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "மோர் போதவில்லை. பின் சீட்டு அம்மாவுக்கு வாந்தி, அடுத்த முறை முன் சீட்டு. ஓட்டுநர் கடைசியில் சாப்பிட்டார், தப்பு." அடுத்த ஆண்டு நான் அந்த அம்மாவுக்கு முன் சீட்டைப் பிடித்து வைத்தேன். அவருக்கு ஆச்சரியம், "எப்படிண்ணா ஞாபகம் வெச்சிருந்தீங்க?" என்றார். நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரவு எத்தனை மணிக்குப் போன் செய்தாலும், "இருங்கண்ணா, எழுப்பி அனுப்பறேன்" என்பார்.

நோட்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இன்னும் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது.